நூற்றியேழு நாள் உட்காராதவர்

இன்லே ஏரியில் ஒரு மனிதர் நூற்றியேழு நாள் உட்காரவே இல்லை. சாப்பிட உட்காரவில்லை, டீ குடிக்க உட்காரவில்லை, படகில் உட்காரவில்லை, பெண் கேட்டு வந்த சம்பந்திகளுக்கு முன்னால்கூட உட்காரவில்லை. தூங்குவதற்கு மட்டும் குப்புறப் படுத்துக்கொண்டார். படுப்பது உட்காருவதில் சேராது என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. காலைக்கடனுக்குக் குந்தினாரே என்று சில நுணுக்கக்காரர்கள் கேட்டார்கள். குந்துவது வேறு, உட்காருவது வேறு என்று அதற்கும் அரை நாள் வாதம் நடந்து, குந்துவது தள்ளுபடி ஆயிற்று. தண்ணீருக்கு மேல் மூங்கில் கால்களில் நிற்கிற அந்தக் கிராமத்தில் முந்நூறு வீடு. முந்நூறு வீடும் நம்பியது. நம்பாதவர் ஒரே ஒருவர்தான். அவர் உட்காராதவருடைய மச்சான்.

உட்காராதவர் பெயர் டுன் யீ. நாற்பத்தெட்டு வயது. மிதக்கும் தோட்டத்தில் தக்காளி போடுகிறவர். அவர் குரலைக் கேட்டு எதிர்க்கரை வாத்துகள் தண்ணீருக்குள் முங்கும் என்பார்கள். அதற்கு முன்னால் அந்த ஏரியிலேயே அவரைப்போல் உட்காரத் தெரிந்தவர் கிடையாது. மச்சான் சான் ப்யூவின் படகு எஞ்சின் பட்டறையில் காலையில் போய் உட்கார்ந்தாரானால் மூன்று கெண்டி வெறுந்தேயிலைத் தண்ணீர் காலியாகும், சூரியகாந்தி விதைத் தோல் கணுக்கால் உயரத்துக்குக் குவியும், பலகை ஒரு விரற்கடை கீழே இறங்கும். மனைவி ம்யா சீன் மகளை அனுப்பித்தான் கூப்பிட வேண்டும்.

புத்தர் பேரில் ஊர் மூன்று மாதம் இருக்கிற மழைக்கால விரதம் தொடங்கப் பன்னிரண்டு நாள் இருந்தபோது அது வந்தது.

ஏரியின் அடியிலிருந்து பாசி வார அன்று போயிருந்தார். இரண்டு மூங்கில் கழிகளை நீருக்குள் இறக்கி முறுக்கினால் பாசி நூடுல்ஸ்போலச் சுற்றிக்கொண்டு மேலே வரும். அதைப் படகில் ஏற்றி, தோட்டப் பாத்திகளின் மேல் போட வேண்டும். படகு முழுகும் அளவுக்கு ஏற்றிவிட்டு, அந்த ஈரக் குவியலின் மேலேயே வசதியாக உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். ஆசனவாய்க்குப் பக்கத்தில் யாரோ கொதிக்கிற எண்ணெயில் தோய்த்த ஆணியை வைத்திருந்ததுபோல் இருந்தது. பாசியைக் கிளறிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஆணி அவரிடமேதான் இருந்தது.

வெறும் கொப்புளம் என்று நினைத்தார். நான்காம் நாள் எலுமிச்சை அளவுக்கு வீங்கிக் காய்ச்சலும் வந்தது. ஆறாம் நாள் தானே உடைந்தது. அன்று அவர் விட்ட பெருமூச்சில் வீட்டுப் பின்னால் கட்டியிருந்த படகு நகர்ந்து போயிற்று. விட்டது சனி என்று நினைத்தார். விடவில்லை. உடைந்த வாய் மூடுவதும், இரண்டு நாளில் வீங்குவதும், திறந்து ஒழுகுவதுமாக இருந்தது. ஒழுகியது லுங்கியில் பட்டது.

அதற்குப் பிறகுதான் டுன் யீ தன் லுங்கியைத் தானே துவைக்கத் தொடங்கினார். வீட்டுப் பின்படியில் நின்று, குனிந்து, யாராவது படகில் போனால் முதுகைக் காட்டாமல் திரும்பிக்கொண்டு கசக்கினார்.

"லுங்கியை ஏன் நீங்க துவைக்கிறீங்க?" என்றாள் ம்யா சீன்.

"அழுக்கா இருந்துச்சு."

"இருபத்தி மூணு வருஷமா அழுக்காத்தான் இருந்துச்சு. இன்னிக்குத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

"ஒரு மனுஷன் தன் துணியைத் துவைச்சா தப்பா?"

"தப்பில்ல. பயமா இருக்கு. கொண்டாங்க இப்படி."

அவர் கொடுக்கவில்லை. அவள் இழுத்தாள். அவரும் இழுத்தார். ஈர லுங்கி இரண்டு பேருக்கும் நடுவில் விரிந்தபோது கறை வெயிலில் தெரிந்தது. டுன் யீயின் காது சிவந்தது. கழுத்து சிவந்தது. அந்த ஆள் தோட்டத்தில் நின்றிருந்தால் தக்காளி என்று யாராவது பறித்திருப்பார்கள்.

ம்யா சீன் லுங்கியை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள். "எவ்வளவு நாளா?" என்று மட்டும் கேட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாத."

"நான் என்ன சந்தையிலயா போய்க் கூவப்போறேன்?"

"எய் ம்வேகிட்டகூடச் சொல்லாத."

எய் ம்வே அவர்களுடைய ஒரே மகள். அவளைப் பெண் கேட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். விரத மாதங்களில் கல்யாணம் செய்யமாட்டார்கள். ஆனால் பேசி வைத்துக்கொள்ளலாம். விரதம் தொடங்கிய மூன்றாம் நாள் பையனின் தகப்பன் ஊ பா தான் என்பவரும், பையனின் அத்தை டோ சோ யின் என்பவளும் விசைப்படகில் வந்து இறங்கினார்கள். வெள்ளிப் பட்டறைக் குடும்பம். அத்தைக்காரி ஒரு பார்வை பார்த்தால் வெள்ளியில் எத்தனை செம்பு கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். மனிதர்களிலும் அப்படித்தான் என்று பேச்சு.

வந்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். ம்யா சீன் உட்கார்ந்தாள். தாய்மாமன் என்ற முறையில் சான் ப்யூவும் வந்து உட்கார்ந்தார், தன்னோடு கொண்டுவந்திருந்த காற்றடைத்த லாரி டியூபின் மேல். அவர் புத்தாண்டிலிருந்தே எங்கே போனாலும் அந்த டியூபோடுதான் போவார். "படகு கவுந்தா மிதக்கணும்ல?" என்பார். நீந்தத் தெரிந்த ஊரில், நீந்தத் தெரிந்த மனிதர். பட்டறைக்காரரின் கிறுக்கு என்று விட்டுவிட்டார்கள்.

டுன் யீ மட்டும் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த ஊரில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் நடப்பதென்றாலே கூனிக் குறுகித்தான் நடக்க வேண்டும். அவர்கள் தலைக்கு மேலே தன் தலையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம். ஊறுகாய்த் தேயிலைத் தட்டு நடுவில் வந்தது. வறுத்த பூண்டு, எள், கடலை எல்லாம் வட்டமாக இருந்தன. ஒருவரும் கை வைக்கவில்லை.

"சம்பந்தி உக்காரலாமே," என்றார் ஊ பா தான்.

"இருக்கட்டும். நீங்க சாப்பிடுங்க."

"நின்னுக்கிட்டே பேசறதா? எங்க வீட்டுல இது வழக்கமில்ல," என்றாள் அத்தை. குரலில் வெள்ளி குறைந்து செம்பு கூடியது.

"அவருக்கு உக்காரப் பிடிக்கலையாக்கும்," என்றார் சான் ப்யூ. "எங்க மச்சான் எம் பட்டறைப் பலகையைத் தேய்ச்சது போதும்னு முடிவு பண்ணிட்டாரு."

டுன் யீ உட்கார முயன்றார். உண்மையாகவே முயன்றார். முழங்கால் பாதி மடங்கியபோது முகம் எலுமிச்சை பிழிந்ததுபோல் கோணியது. அத்தை அந்தக் கோணலைத் தன்னைப் பார்த்துச் செய்ததாக எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள். அந்த நொடியில்தான் ம்யா சீன் வாயைத் திறந்தாள்.

"அவர் விரதம் எடுத்திருக்காரு. உக்காரா விரதம். மழைக்காலம் முடியற வரைக்கும் உக்கார மாட்டேன்னு புத்தர் முன்னாடி சத்தியம் பண்ணியிருக்காரு. வெளியில சொல்லக்கூடாதுன்னு இருந்தோம்."

அப்படி ஒரு விரதம் உலகத்தில் இருப்பதாக அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. இறைச்சி விடுவார்கள், சுருட்டு விடுவார்கள், மதியத்துக்கு மேல் சோறு விடுவார்கள். உட்காருவதை யார் விடுவார்கள்? ஆனால் விரத மாதம்; கல்யாணப் பேச்சு; கதவுநிலையைப் பிடித்தபடி வேதனையில் கண் கலங்கி நிற்கிற மனிதர். அத்தை செருப்பை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினாள்.

"ஆகா ஆகா ஆகா," என்றாள் மூன்று முறை. "எப்பேர்ப்பட்ட புண்ணியம்!"

தட்டு காலியாயிற்று. பேச்சு முடிந்தது. விரதம் முடிந்ததும் வந்து நாள் குறிப்போம் என்று போனார்கள். சான் ப்யூ டியூபை இடுக்கிக்கொண்டு கடைசியாகக் கிளம்பினார். வாசலில் நின்று டுன் யீயை மேலிருந்து கீழே பார்த்தார்.

"மச்சான், உன்னை எனக்கு முப்பது வருஷமாத் தெரியும். நீ சாமி கும்பிடும்போதே தூங்கற ஆளு. நாங்க போனதும் நீ உக்காருவ."

"உக்கார மாட்டேன்."

"நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."

இருந்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த மனிதர் எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்பால் தள்ளிக்கொண்டு டுன் யீயின் வீட்டுக்கு அடியிலேயே வந்துவிடுவார். மூங்கில் தரையின் இடுக்கு வழியாக ஒரு கண் தெரியும். விடிகாலையில் தெரியும், மத்தியானச் சாப்பாட்டில் தெரியும். டுன் யீ மீனும் உருளைக்கிழங்கும் சேர்த்துப் பிசைந்த மஞ்சள் சோற்று உருண்டையை நின்றுகொண்டே தின்பார். கீழே இருக்கும் கண் இமைக்கும். ம்யா சீன் ஒரு நாள் கண்ணைப் பார்த்துப் பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றினாள்.

"ஐயோ, அண்ணனா? மீனுன்னு நெனைச்சேன்."

ஊர் கண்ணால் பார்த்தது. தோட்டத்தில் மற்றவர்கள் படகில் உட்கார்ந்து பாத்திகளுக்கு நடுவே ஊர்ந்து தக்காளி பறித்தபோது, டுன் யீ படகின் முனையில் ஒற்றைக்காலில் நின்று, மறு காலால் துடுப்பைச் சுற்றி வளைத்துத் தள்ளிக்கொண்டு, குனிந்து பறித்தார். ஏரிக்காரர்கள் எல்லாரும் காலால் துடுப்புப் போடுகிறவர்கள்தான். ஆனால் களைத்தால் உட்காருவார்கள். இவர் உட்காரவில்லை. மழை அடித்தது, நின்றார். வெயில் காய்ந்தது, நின்றார். ஒரு கொக்கு அவரைத் தன் இனம் என்று நினைத்துப் படகில் வந்து பக்கத்தில் நின்றதாகவும், இருவரும் ஒரு பகல் முழுவதும் அப்படியே நின்றதாகவும், முதலில் கால் மாற்றியது கொக்குதான் என்றும் சொல்கிறார்கள்.

புகழ் வந்தது. அது புண்ணைவிட மோசமாக இருந்தது. கிழவிகள் அவர் படகு போகும்போது கும்பிட்டார்கள். இரண்டு இலக்க லாட்டரி கட்டுகிறவர்கள், "எத்தனாவது நாள் இன்னிக்கு?" என்று கேட்டுப் போனார்கள், முப்பத்தொன்பது விழுந்து தொலைத்தது, அதற்குப் பிறகு வீட்டுப் படியில் பூச்செண்டு வைக்கத் தொடங்கினார்கள். டுன் யீ மடத்துக்குப் போய், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பெரிய பிக்குவின் முன்னால் முட்டி போட்டார். முட்டி போட அவரால் முடிந்தது.

"சாமி, நான் பொய்..." என்று தொடங்கினார்.

பெரிய பிக்குவுக்குக் காது மந்தம். "பெருமைப்படாதே. நல்லது, நல்லது," என்றார். அடுத்த பௌர்ணமி உரையில் அவரைப் பேர் சொல்லி எடுத்துச் சொன்னார். ஊரே திரும்பிப் பார்த்தது. தூணில் சாய்ந்து நின்ற டுன் யீயின் லுங்கிக்குள் அந்த நேரம் பார்த்து ஈரம் இறங்கியது. பொய் சொல்லாதே என்பது பஞ்சசீலத்தில் நாலாவது கட்டளை. ஒவ்வொரு நாளும் அதை நின்ற நிலையிலேயே உடைத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தார். பூவைக் கொண்டுவந்த கிழவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் காய்ச்சல் திரும்ப வந்தது. ம்யா சீன் மூலிகைக்காரரின் பற்றை வழித்து ஏரியில் எறிந்தாள்.

"டவுன்ஜி ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"யாரு? ஊரு? விரதக்காரர் மலைக்கோயிலுக்குப் போறாருன்னு சொல்றேன். ஒண்ணு சொல்லியாச்சு, ரெண்டாவது சொல்ல என்ன கஷ்டம்?"

ஏரி முழுவதும் படகில் நின்றார். கரையேறி மலைமேல் போகிற பிக்அப் வண்டியில் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றார். மலைப்பாதையின் வளைவுகளில் உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் வாந்தி எடுத்தார்கள். இவருக்கு அதற்கு நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் பெஞ்சுகள் இருந்தன. அவர் சுவரோரம் நின்றார். கையில் இருபத்து நான்காம் எண் சீட்டு. உள்ளே இருப்பது பெண் டாக்டர் என்று ஒரு நர்ஸ் சொன்னபோது சீட்டை மடித்து வாயில் போட்டு விழுங்கிவிடலாமா என்று தோன்றியது.

"இருபத்தி மூணு," என்று கூப்பிட்டார்கள்.

யாரும் எழவில்லை.

"இருபத்தி மூணு! ஆளு இருக்கா இல்லையா?"

மூன்று முறை கூப்பிட்டார்கள். படிக்கட்டில் யாரோ வேகமாக இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த ஆள் புத்திசாலி என்று நினைத்தார் டுன் யீ. தானும் திரும்பினார். ம்யா சீன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"இருபத்தி நாலு!"

டாக்டர் நுவே நிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சின்ன உருவம். "என்ன மாமா தொந்தரவு?" என்றாள்.

டுன் யீ சுவரைப் பார்த்தார். சுவரில் குடலின் படம் இருந்தது. தரையைப் பார்த்தார்.

"இடுப்பு வலி."

"இடுப்புக்கு எலும்பு டாக்டர் கீழ இருக்காரு. நீங்க ஏன் மூணு மாடி ஏறி வந்தீங்க?"

"அவருக்குப் பின்னாடி ஓட்டை விழுந்திருச்சு டாக்டரம்மா," என்றாள் ம்யா சீன். "ஒழுகுது. உக்கார முடியல."

ஏரியில் முந்நூறு வீடும் கும்பிடுகிற மனிதர் அந்த ஒரு வாக்கியத்தில் உப்புப் பொம்மைபோல் கரைந்தார். பக்கவாட்டில் படுக்கச் சொன்னாள். முழங்காலை மடக்கச் சொன்னாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெரிந்த மந்திரங்கள் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது.

"இதுக்கு பௌத்திரம்னு பேரு மாமா. உள்ள ஒரு சுரப்பி பழுத்து, வெளிய வர்றதுக்கு எலி வளை மாதிரி வழி பண்ணிக்கிச்சு. வெளி வாய் மூடினாலும் உள்ள வழி மூடாது. அதனாலதான் திரும்பத் திரும்ப வருது. பற்றுப் போட்டா போகாது. அறுவைதான்."

"அறுத்து எடுத்துருவீங்களா?"

"மேலோட்டமா இருந்தா வழியைத் திறந்து விட்டுருவேன், ஆறிடும். உங்களுக்கு அடக்கி வைக்கற தசை வழியாப் போகுது. அதை ஒரேயடியா வெட்டினா அப்புறம் அடக்க முடியாம போயிடலாம். அதனால அந்த வழியா ஒரு நூலைக் கோத்துக் கட்டி விட்டுருவேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வாங்க, கொஞ்சம் கொஞ்சமா இறுக்குவேன். நூல் மெதுவா அறுத்துக்கிட்டே வரும், பின்னாடியே தசை ஆறிக்கிட்டே வரும்."

"நூலா? உள்ளயா? எவ்வளவு நாள்?"

"ரெண்டு மாசம் ஆகலாம்."

"அது தொங்குமா?"

"கொஞ்சம் தொங்கும்."

முதுகில் ஊசி போட்டு, கால் இரண்டையும் தூக்கிக் கம்பியில் மாட்டினார்கள். பாதி ஏரிக்குத் திறந்துவிட்ட சந்தைபோல ஆகிவிட்டேன் என்று பின்னால் மனைவியிடம் சொன்னார். வலிக்கவில்லை. வலித்திருந்தால்கூட அந்த வெட்கத்தில் அது தெரிந்திருக்காது. டாக்டர் வேலை செய்துகொண்டே நர்சிடம் தக்காளி விலையைப் பற்றிப் பேசினாள். அது எப்படியோ அவருக்கு ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னாள்: "தினம் மூணு வேளை வெதுவெதுப்பான தண்ணியில கழுவணும். ஒழுகறதுக்கு, பொம்பளைங்க மாசாமாசம் வைக்கற பஞ்சு இருக்கில்ல, அதை வச்சுக்கங்க."

டுன் யீ முதல்முறையாக டாக்டரின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அதை நான் தொடமாட்டேன்."

அந்த ஊரில் ஆணின் வலது தோளில் ஒரு மகிமை குடியிருக்கிறது. பெண்ணின் பாவாடை காயும் கொடிக்கு அடியில் நடந்தாலே அது எழுந்து போய்விடும். அப்படியிருக்க பெண்கள் வைக்கிற பஞ்சை ஆண் எங்கே வைத்துக்கொள்வது?

"துணி வைச்சா அழுக்காகும், கிருமி ஏறும். மாமா, உங்க தோளுக்கு மேல இருக்கறதை நீங்க பாத்துக்கங்க. கீழ இருக்கறதுக்கு நான் பொறுப்பு," என்றாள் டாக்டர் நுவே நி.

வைத்துக்கொண்டார். முதல் நாள் வைத்துக்கொண்டபோது வலது தோளைத் தடவிப் பார்த்தார். கனம் குறைந்ததுபோல்தான் இருந்தது. இரண்டாம் வாரம் அங்கே ஒன்றும் இருந்ததில்லையோ என்ற சந்தேகம் வந்தது.

பஞ்சு வாங்கியது ம்யா சீன். ஐந்து நாளுக்கு ஒருமுறை சுற்றி வருகிற சந்தையில், ஊர்ப் பெண்கள் எல்லாரும் பார்க்க, ஒன்று இரண்டு அல்ல, ஒரு கட்டு. ஐந்து நாள் கழித்து மறுபடி ஒரு கட்டு. நாற்பத்தாறு வயதுக்காரி. மகளுக்கோ இவ்வளவு தேவைப்படாது. சந்தைக்காரி ஒருத்தி, "உடம்பு சரியில்லையா அக்கா? நிக்காம போகுதா?" என்று கேட்டாள். ம்யா சீன் ஒரு நொடி யோசித்தாள். பிறகு, "ஆமா, கொஞ்சம் போகுது," என்றாள்.

அவ்வளவுதான். ஒரு வாரத்தில் பதினோரு பேர் வேர்க்கஷாயம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் அவர்களுக்கு எதிரிலேயே குடித்தாள். கசப்பில் அவள் முகம் சுருங்குவதைக் கதவுநிலையில் சாய்ந்து நின்ற டுன் யீ பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் போகும்போது இவரைக் கும்பிட்டார்கள்.

"ஏன் சொன்ன அப்படி?"

"வேற என்ன சொல்ல? எங்க வீட்டுக்காரருக்குன்னு சொல்லணுமா?"

"கஷாயத்தையாவது கொட்டிருக்கலாம்."

"கொட்டினா மறுபடி கொண்டுவருவாங்க. விடுங்க. பொம்பளைக்கு வந்தா நோவு. ஆம்பிளைக்கு வந்தா அவமானம். எனக்கு நோவுதானே, பரவாயில்ல."

அதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். டுன் யீக்கு அன்று நூல் இறுகியது, டாக்டர் தொடாமலேயே.

தொண்ணூற்றாறாம் நாள் சான் ப்யூ பட்டறைக்குக் கூப்பிட்டனுப்பினார். டியூபில் உட்கார்ந்து பிஸ்டனைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சம்பந்தி வீட்டுல பேசிக்கறாங்க, கேட்டியா?"

"என்ன பேசிக்கறாங்க?"

"தாய்க்கு ரத்தப்போக்கு நோவு, அது மகளுக்கும் வரும், வம்சம் தங்காதுன்னு அந்த அத்தைக்காரி சொல்றாளாம். விரதம் முடிஞ்சு வர்றது நாள் குறிக்க இல்லையாம், பேச்சை முறிக்கவாம்." துடைப்பதை நிறுத்தினார். "என் தங்கச்சிக்கு என்ன நோவு மச்சான்?"

டுன் யீ தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்:

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா கட்டுக்கட்டா வாங்கறா?" சான் ப்யூவின் குரல் ஏதோபோல் இருந்தது. கேலியில்லை. "நீ நின்னு புண்ணியம் சேத்துக்கிட்டே இரு. நான் இப்பவும் நம்பல. எங்கயாவது ஒளிஞ்சு உக்காருவ நீ."

விரதம் முடிந்து விளக்குப் பண்டிகையும் போனது. நூற்றியேழாம் நாள் காலையில் டாக்டர் நுவே நி இற்றுப்போன நூலின் கடைசி இழையை இடுக்கியால் எடுத்து அவருக்கே காட்டினாள். மீன் வலையிலிருந்து விழுந்த துண்டு மாதிரி இருந்தது. இவ்வளவுதானா என்றிருந்தது. "உள்ள வழி மூடிருச்சு மாமா. போய் உக்காருங்க," என்றாள். பஞ்சு மட்டும் இன்னும் சில நாள் வேண்டும் என்றாள். மலையிறங்கும்போது வண்டியில் இடம் காலியாக இருந்தது. பழக்கதோஷம், நின்றே வந்தார்.

மத்தியானம் சம்பந்திகள் வந்தார்கள். விரதம் நிறைவேற்றும் சடங்கு என்று எண்ணி ஊரும் வந்துவிட்டது. வீட்டில் நின்றது போக மீதிப் பேர் சன்னல்களுக்கு வெளியே படகுகளில் இருந்தார்கள். மூங்கில் கால்கள் முனகின. சான் ப்யூ மூலையில் டியூபின் மேல் இருந்தார். எய் ம்வே சமையல்கட்டு வாசலில் தலை குனிந்து நின்றாள். கன்னத்தில் பூசிய மரப்பட்டைச் சாந்தில் இரண்டு கோடு ஈரமாக இறங்கியிருந்தது. பேச்சு முறியப்போவதை யாரோ அவளிடம் சொல்லிவிட்டிருந்தார்கள்.

டுன் யீ நடுப்பாய்க்கு வந்தார். லுங்கியைச் சரிசெய்தார். முழங்காலை மடித்தார்.

உட்கார்ந்தார்.

"ஆகா, ஆகா, ஆகா!" என்று வீடும் படகுகளும் சேர்ந்து சொன்ன சத்தத்தில் ஏரியில் அலை எழும்பியது. பூ விழுந்தது. ஊ பா தான்கூடக் கும்பிட்டார். அத்தை டோ சோ யின் தொண்டையைச் செருமினாள்.

"உங்க புண்ணியத்துல எங்களுக்குச் சந்தேகமில்ல. ஆனா உங்க வீட்டம்மா உடம்பு பத்தி..."

"அவளுக்கு ஒண்ணுமில்ல," என்றார் டுன் யீ. "அந்தப் பஞ்சு எனக்கு."

கைவிசிறிகள் நின்றன.

"நான் விரதம் இருக்கல. எனக்குப் பின்னாடி பௌத்திரம். சீழ் வந்துச்சு. உக்கார முடியல. டவுன்ஜியில ஒரு பொம்பளை டாக்டர் காலைத் தூக்கிக் கட்டி நூல் கோத்து விட்டாங்க. ரெண்டு மாசம் அந்த நூலோடதான் உங்க கும்பிடு எல்லாம் வாங்கினேன். பொம்பளைங்க வைக்கறதைத்தான் நான் வச்சுக்கிட்டிருந்தேன். இப்பவும் வச்சிருக்கேன். என் பொண்டாட்டி என் அசிங்கத்தைத் தன் பேருல எழுதிக்கிட்டா. என் மானத்துக்காக என் மக வாழ்க்கை போகவேணாம்."

அந்தக் குரல், வாத்துகளை முங்க வைத்த அந்தக் குரல், பக்கத்தில் இருந்தவருக்கு மட்டுமே கேட்கிற அளவுக்கு இறங்கியிருந்தது. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. ம்யா சீன் அவரைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த எள்ளை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

அத்தை முதலில் மூச்சு விட்டாள். பிறகு அவள் முகம் கனிந்தது. அதுதான் பயங்கரம்.

"பாத்தீங்களா? பொண்டாட்டி நோவை மறைக்க எந்த ஆம்பிளை இப்படி ஒரு பழியைத் தன் மேல போட்டுக்குவான்? உக்காரா விரதம் இருந்தவர்னா சும்மாவா!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா நோவு நோவுதானே சம்பந்தி. எங்க பையன் பக்கமும் யோசிக்கணும்ல."

"உண்மையைத்தான் சொல்றேன்!"

"ஆமா, ஆமா," என்றார்கள் எல்லாரும், அன்போடு. படகிலிருந்த கிழவி ஒருத்தி தேம்பினாள். டுன் யீ ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தார். நூற்றியேழு நாள் பொய்யை நம்பினவர்கள். ஒரு நிமிஷம் உண்மையை நம்பக்கூடாதா? மருத்துவமனைச் சீட்டைத் தேடினார். அவமானத்துக்குப் பயந்து அதை அன்றே ஏரியில் போட்டிருந்தார். அந்த நூலையாவது டாக்டரிடம் கேட்டு வாங்கியிருக்கலாம். ஊ பா தான் செருப்பைத் தேடிக் காலை நீட்டினார்.

மூலையில் டியூப் கிறீச்சிட்டது. சான் ப்யூ எழுந்து நின்றார். பெரியவர்கள் தலைக்கு மேலே தலையை வைத்துக்கொண்டு, நிமிர்ந்து.

"எங்க போறீங்க? உக்காருங்க."

"சான் ப்யூ, நீதானே அவர் ஏமாத்தறாருன்னு ஊரெல்லாம் சொன்ன?" என்றார் ஊ பா தான்.

"சொன்னேன்." அவர் காது தக்காளி நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. தங்கச்சியைப் பார்த்தார். டியூபைப் பார்த்தார். அதைக் காலால் பாயின் நடுவுக்குத் தள்ளிவிட்டார். அது உருண்டு வந்து தேயிலைத் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. "நான் ஏன் புத்தாண்டுல இருந்து இதுமேல உக்காந்திருக்கேன்னு யாராவது கேட்டீங்களா? மிதக்கறதுக்குன்னு சொன்னேன். நீங்களும் நம்பினீங்க."

ஊ பா தான் நீட்டின காலை மடக்கிக்கொண்டார்.

"எஞ்சின் சாமான் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு ஒரு நாள் டவுன்ஜி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூணாவது மாடி. துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். மச்சான் வந்து சுவரோரமா நின்னான். உள்ள பொம்பளை டாக்டர்னாங்க. இருபத்தி மூணுன்னு கூப்பிட்டாங்க, மூணு தடவை கூப்பிட்டாங்க."

டுன் யீ நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த இருபத்தி மூணு நான்தான்," என்றார் சான் ப்யூ. "எனக்கும் அந்த எடத்துலதான் நோவு. நான் ஓடி வந்துட்டேன். அவன் நின்னான். வந்த வெக்கத்துல அவனை ஏமாத்துக்காரன்னு கத்தினேன், யாரும் என்னைப் பாக்கக்கூடாதுன்னு. வீட்டுக்கு அடியில போய் எத்தனை நாள் எட்டிப் பாத்திருப்பேன், ஒரு தடவையாவது உக்காரமாட்டானான்னு." மூக்கை உறிஞ்சினார். "என் தங்கச்சிக்கு ஒரு நோவும் இல்ல. நூலு, சீழு, பஞ்சு, அவன் சொன்னதெல்லாம் நடந்தது. நூத்தியேழு நாளும் நடந்தது. அந்த மனுஷன் உக்காரவே இல்ல."